சும்மா இருக்கத் தெரியாத சார்ஜன்

பத்தாவது கதவின் முன் கிடக்கும் ஜப்பான் சிலிப்பரில், அந்த ரப்பர் செருப்பு ஜோடியில், வலது காலுடையது கவிழ்ந்திருக்கிறது. மோகனராஜ் அதை இரண்டு விரலால் நிமிர்த்துகிறார். இடது காலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டின் முனையும் ஒரே கோட்டில் வரும்படி பெருவிரலால் தள்ளுகிறார். ஓரடி பின்வாங்கிப் பார்க்கிறார். திருப்தி இல்லை. மறுபடி குனிகிறார். அந்த வீடு அவருடையதல்ல. அவருடையது பதினான்காவது கதவு. தொழிற்சாலைப் பேருந்து கீழே வந்து நிற்க எட்டு நிமிடம் இருக்கிறது. மின்தூக்கிவரை இன்னும் ஒன்பது வீட்டுச் செருப்புகள் அவருக்காகக் காத்திருக்கின்றன.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி இது. துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலாக ஒரு காலத்தில் இருந்த இடம். படைவீரர் ஒருவர் குடியிருக்க இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது. நடைபாதையின் ஒரு பக்கம் கதவுகள், மறுபக்கம் இடுப்புயரச் சுவர், சுவருக்கு அப்பால் ஆயர் ஈத்தாம் மலைகள். மாலையில் பிள்ளைகள் ஓடி, விருந்தாளிகள் வந்து, யாராவது ரொட்டிக்காரரின் மணி கேட்டு அவசரமாக இறங்கி, செருப்புகளெல்லாம் யாரோ விரட்டியது போலச் சிதறிக் கிடக்கும். காலையில் கதவைத் திறந்தால் அணிவகுப்பு நிற்கும்.

"எங்கூட்டு சிலிப்பர் எல்லாம் தம்பிக்கு சல்யூட் அடிக்குது. எம் புள்ளைங்கதான் எனக்கு அடிக்க மாட்டேங்குது" என்பார் பன்னிரண்டாவது வீட்டு ஆசியா பீவி. வாசலை ஒட்டித் தையல் இயந்திரம் போட்டிருப்பவர். நடைபாதையில் நடக்கும் எதுவும் அவர் கண்ணாடிக்குத் தப்பியதில்லை.

மோகனராஜுக்கு வயது முப்பத்தொன்பது. பத்து நாளுக்கொரு முறை முடி வெட்டிக்கொள்வார். மீசையின் இரண்டு முனைகளும் அளந்து வெட்டியவை என்று அவர் மனைவி துளசி சத்தியம் செய்வார். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய திருப்புளி, ஓர் அளவு நாடா, ஒரு கொத்து ரப்பர் வளையம். இந்த மாடியில் யார் வீட்டு விசிறி கிறீச்சிட்டாலும், யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும், சொல்லி அனுப்பத் தேவையில்லை. சத்தம் கேட்டு அவரே வந்துவிடுவார். வேண்டாம் என்றால் ஒரே பதில்தான்: "பரவால்ல, நானே செஞ்சிடுறேன் லா." அந்த 'லா' வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்குள் ஏணியும் வந்திருக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக் கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். சனிக்கிழமைகளில் பச்சைச் சீருடை போட்டுக்கொண்டு வத்தானியா முகாமுக்குப் போய்விடுவார். வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நாளில் சேவை செய்யும் தொண்டூழியப் படை அது. பதின்மூன்று ஆண்டுகளாகப் போகிறார். அதில் ஒன்பது ஆண்டு கோப்ரலாகவே இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் சார்ஜன் ஆனார். சட்டைக் கையில் மூன்றாவது கோடு வந்தது.

வந்தது என்பதைவிட, வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதே சரி. புதிய சார்ஜன்களுக்கென்று இரண்டு வாரத் தலைமைத்துவப் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதில் தேறினால் கோடு தங்கும். தேறாவிட்டால் மறுபடியும் கோப்ரல். அடுத்த முறை இளையவர்களைத்தான் அனுப்புவோம் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் துளசி நிபோங் திபாலில் இருக்கும் தன் மூன்று அக்காமார்களுக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தார். பின்வாங்கும் பாதை அந்தப் பக்கமும் அடைபட்டது.

ஓட்டத்தில் அவருக்குப் பயமில்லை. தன்னைவிடப் பத்து வயது இளையவர்களை முந்துவார். வரைபடம் படிப்பார். துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவதில் முகாமில் அவர்தான் முதல். மற்றவர்களின் துப்பாக்கியையும் அவரே துடைத்துவிடுவார் என்பதுதான் சிக்கல். அவரைப் பற்றிய அறிக்கையில் கேப்டன் மலாயில் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தார். மிகவும் உழைப்பாளி. அதுதான் கவலை.

கேப்டன் எதை நினைத்து அப்படி எழுதினார் என்பதை இக்மல்தான் பதினாறாவது வீட்டில் இருக்கும் எங்களுக்குச் சொன்னார். இக்மல் மோகனராஜின் கிடங்கில் வேலை செய்பவர். முகாமிலும் அவருடைய பிரிவு. சென்ற ஆண்டு ஆற்றங்கரையில் ஒரு வெள்ளப் பயிற்சி நடந்தது. மணல் மூட்டை கட்டவேண்டியவர்கள் எட்டுப் பேர். எங்கே, எத்தனை, எப்போது என்று சொல்லவேண்டியவர் மோகனராஜ். முதல் மூட்டையின் முடிச்சு சரியில்லை என்று வாங்கிக் கட்டிக் காட்டினார். இரண்டாவதையும் காட்டினார். நாற்பதாவதையும் அவரேதான் காட்டினார். நண்பகல் வெயிலில் மயங்கி விழுந்தார். விழுந்த பிறகுதான் தெரிந்தது, அடுத்த அணையை எங்கே போடுவது, தண்ணீர்ப் பீப்பாய் எந்தப் பக்கம் இருக்கிறது, லாரியின் சாவி யாரிடம் என்று அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது என்பது. விவரமெல்லாம் மயங்கிக் கிடந்தவரின் தலைக்குள் இருந்தது. சாவி அவர் சட்டைப் பைக்குள் இருந்தது.

அன்றைக்குப் போல் நல்ல ஓய்வு தனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை என்று இக்மல் சிரித்தார். மோகனராஜ் சிரிக்கவில்லை. கண் விழித்ததும் கேப்டன் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதானாம்: நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தால் இந்த எட்டுப் பேரும் என்ன ஆகியிருப்பார்கள்? இதைச் சொல்லும்போது மோகனராஜின் கையில் ஏதாவது வேலை இருக்கும். அன்று எங்கள் வீட்டுக் கதவுக் கீல்.

மூன்று கோட்டுப் பட்டையைத் தைக்க ஆசியா பீவியிடம் கொண்டுவந்தபோது, "அக்கா, லேசா போடுங்க. நாலு தையல் போதும். பிரிக்கிறப்ப துணி கிழியக்கூடாது" என்றார். ஆசியா பீவி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். தைக்கும் முன்பே பிரிக்கும் நாளைப் பற்றிப் பேசும் வாடிக்கையாளர் அவருக்குப் புதிது. முணுமுணுத்துக்கொண்டே நாலே தையல் போட்டுக் கொடுத்தார். கழற்றிய இரண்டு கோட்டுப் பட்டையை மோகனராஜ் மடித்து, பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

துளசி பாலர் பள்ளி ஆசிரியை. ஆறு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரை ஒற்றைப் புருவத்தை உயர்த்தி உட்காரவைப்பவர். கணவரின் நோய் என்ன என்பது கேப்டனுக்கு முன்பே அவருக்குத் தெரியும். "கட்டுன நாள்லேர்ந்து எனக்கு ஒரு வேல ஏவுனது இல்ல. நல்ல புருஷன். மோசமான சார்ஜன்" என்றார். பயிற்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டார். தினம் மூன்று உத்தரவு. அவர் சொல்லவேண்டும், துளசி செய்யவேண்டும்.

முதல் உத்தரவு கோப்பி. அதைக் கேட்கும் பாக்கியம் இரண்டு கதவு தள்ளியிருக்கும் எங்களுக்கும் கிடைத்தது. "துளசி, நீ ஓய்வா இருந்தா, அதாவது வேற வேல ஏதும் இல்லன்னா, முடிஞ்சா ஒரு கோப்பி... இல்ல பரவால்ல, நீ உக்காரு, நானே கலக்கிக்கிறேன் லா. உனக்கும் வேணுமா?"

இரண்டு கோப்பியோடு அவர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது துளசி கேட்டார்: "இது உத்தரவா, கல்யாணப் பத்திரிகையா?"

மூன்றாம் நாள் 'முடிஞ்சா' என்ற சொல் போனது. ஐந்தாம் நாள் 'ஓய்வா இருந்தா' போனது. பத்தாம் நாள் "கோப்பி" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டாயா என்று கேட்க அடுப்படிவரை போனார். போனவர் அங்கே கிடந்த இரண்டு தட்டையும் கழுவிவைத்துவிட்டு வந்தார்.

அந்தப் பயிற்சியில் கட்டாயமான பாடம் ஒன்று உண்டு. முறை வைத்து ஒவ்வொருவரும் எட்டுப் பேருக்குத் தலைமை ஏற்று உத்தரவு வழங்கவேண்டும். நிலைமை என்ன, பணி என்ன, எப்படிச் செய்வது, சாப்பாடும் மருந்தும் எங்கே, யார் யாரோடு எப்படித் தொடர்பு என்று ஐந்து பகுதி. எல்லாம் மலாயில். இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார். மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் அடிக்கோல் வைத்து நேராக்கி வைத்திருந்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ரூமில பாத்தா பரீட்ச ஞாபகம் வருது. தமிழ்ல பாத்தா வீட்டு ஞாபகம் வருது" என்றார். ரூமி என்பது மலாயை எழுதும் ஆங்கில எழுத்து. வாக்கியங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. அதோடு அவருடைய எட்டுப் பேரில் நானும் ஒருத்தி ஆக்கப்பட்டேன். "நீ வாயத் தொறக்க மாட்ட. எட்டுப் பேருல அப்படி ஒரு ஆளு எப்பவும் இருக்கும்" என்றார். மற்றவர்கள் துளசி, ஆசியா பீவி, இக்மல். மீதி நால்வருக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. உத்தரவு கேட்டதும் நாற்காலிகள்தான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

உத்தரவை வாயால் சொன்னால் மட்டும் போதாது. தரையில் நிலத்தின் மாதிரியை அமைத்து, குச்சியால் காட்டிப் பேசவேண்டும். காட்டில் மண்ணும் இலையும் கயிறும் கிடைக்கும். ஒன்பதாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? மோகனராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆறு மைலோ டின்களை இழுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் சாயம் தோய்த்த அரிசி. தீபாவளிக் கோலத்தில் மிஞ்சியது.

இங்கே தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் போடாத கட்டடம் குறைவு. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளக் கோலத்துக்கு ஆண்டுதோறும் பன்னிரண்டு பேர் கொண்ட குழு அமையும். குழு கூடும், மயிலா தாமரையா என்று விவாதிக்கும், தேநீர் குடிக்கும். பிறகு ஒருவர் வட்டம் சரியில்லை என்பார். மோகனராஜ், "பரவால்ல, நானே செஞ்சிடுறேன் லா" என்பார். மறுநாள் கோலம் முடிந்திருக்கும். குழு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து, வரைபடத்தைப் பார்த்து, மின்தூக்கிக்கு முன்னால் இருக்கும் அகலமான இடத்தில் நிலத்தை அமைத்தார். நாங்கள் நால்வரும் நாற்காலிகளும் சுற்றி இருந்தோம். ஐம்பது நிமிடம் ஆனது. பச்சை அரிசியில் காடு, நீல அரிசியில் ஆறு, மஞ்சளில் பாதை. ஓர் அரிசி எல்லை தாண்டவில்லை. கீழ் மாடியிலிருந்து ஆட்கள் கைப்பேசியோடு வந்தார்கள். ஒரு சீன அம்மாள் இந்த ஆண்டு தீபாவளி சீக்கிரம் வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

சொல்லிவைத்திருந்தபடி சித்தி ஆயிஷா வந்தார். சித்தி என்பது உறவல்ல, மலாய்ப் பெயரின் முதல் பாதி. மோகனராஜைவிடப் பத்து வயது இளையவர். சென்ற ஆண்டு இதே பயிற்சியில் தேறியவர். வேலை நாளில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, முகாமில் சார்ஜன். அவர் இவரை அபாங் என்பார், அதாவது அண்ணன். இவர் அவரைச் சார்ஜன் என்பார். தானும் இப்போது சார்ஜன்தான் என்பது இவருக்கு இன்னும் பழகவில்லை.

சித்தி ஆயிஷா பாயைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அழகாக இருக்கிறது என்றார். இன்னொரு முறை நடந்தார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். இதில் மலை ஒன்றுதானே இருக்கிறது, கீழே ஏன் இரண்டு என்று மலாயில் கேட்டார்.

மோகனராஜ் பாயைப் பார்த்தார். ஆற்றின் வலப்பக்கம் ஒரு மலை. இடப்பக்கம், அதே உயரத்தில், அதே வளைவோடு, அதற்கு ஜோடியாக இன்னொரு மலை. ஆற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தாமரை மொக்கு. அவர் மலாயில் தொடங்கித் தமிழில் முடித்தார்: "ஒரு பக்கம் வெறிச்சுன்னு இருந்துச்சு, சார்ஜன்."

ஆசியா பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். துளசி நடைபாதைச் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி ஆயிஷா மட்டும் சிரிக்கவில்லை. எதிரி எந்த மலையில் இருக்கிறான் என்று கேட்டார். மோகனராஜ் குச்சியை நீட்டினார். குச்சி இடப்பக்கத்து மலையின் மேல் போய் நின்றது. உலகத்தில் இல்லாத மலை அது. எட்டுப் பேரை அங்கே அனுப்பியிருப்பீர்கள் என்று சித்தி ஆயிஷா மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் கடினமாக இருந்தது. மாதிரி அமைக்க அங்கே இருபது நிமிடம்தான். அந்த நேரத்தில் சார்ஜன் செய்யவேண்டியது, உத்தரவை யோசிப்பது. மண்ணைக் குவிக்க எட்டுப் பேர் இருக்கிறார்கள். சோதிக்க வருகிறவர் முதலில் மலையைப் பார்க்கமாட்டார், சார்ஜனின் கையைப் பார்ப்பார். கையில் மண் இருந்தால் அங்கேயே எழுதிவிடுவார். இப்படிச் சொல்லிவிட்டு, "அபாங், செனாங் டிரி" என்றார். அணிவகுப்பில் சற்றே ஓய்வாக நிற்கச் சொல்லும் ஆணை அது. காலை அகட்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்தபடி நிற்கவேண்டும். பதின்மூன்று ஆண்டுப் பழக்கம். மோகனராஜின் கைகள் தாமாகப் பின்னால் போயின.

அந்த நிலையில் அவரை நிறுத்திவைத்து, பாயைச் சுத்தம் செய்யும்படி இக்மலிடம் சொன்னார். இக்மல் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டினார். பச்சையும் நீலமும் மஞ்சளும் சிவப்பும் ஊதாவும் வெள்ளையும் ஒன்றாகக் கலந்து ஒரே டின்னுக்குள் சரிந்தன. மோகனராஜ் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அசையவில்லை. அன்று இரவு அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று துளசி சொன்னார். கலந்த அரிசியை நிறம் நிறமாகப் பொறுக்க உட்கார்ந்துவிடுவாரோ என்று டின்னைத் தன் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டாராம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே இடம், அதே வரைபடம், அதே படை. இந்த முறை டின்கள் இல்லை. ஆசியா பீவி ஒரு பை நிறைய வெட்டுத் துணிகளைக் கொண்டுவந்து கொட்டினார். சித்தி ஆயிஷா கடிகாரத்தை எடுத்தார். மோகனராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வேலைகளைப் பிரித்தார். காடு இக்மலுக்கு. மலை ஆசியா பீவிக்கு. ஆறு துளசிக்கு. பாதை எனக்கு. ஒவ்வொன்றுக்கும் எங்கே, எவ்வளவு நேரம் என்று நோட்டைப் பார்த்து மலாயில் சொன்னார். இரண்டு இடத்தில் தடுமாறினார். ஆனால் சொன்னார்.

பழைய துண்டை உருட்டி ஆசியா பீவி ஒரு மலை எழுப்பினார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. துளசி எட்டிப் பார்த்து, "அக்கா, இது மலையா, சரிஞ்ச இட்டிலியா?" என்றார்.

"எந்த மல நேரா நின்னு நீ பாத்திருக்க? அதோ, ஆயர் ஈத்தாமப் பாரு" என்று ஆசியா பீவி சுவருக்கு அப்பால் கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மோகனராஜும் பார்த்தார். அந்த மலை உண்மையிலேயே சாய்ந்துதான் இருந்தது. இந்த மாடியில் எத்தனையோ ஆண்டாக இருந்தும் அதை இன்றுதான் கவனித்ததுபோல, சற்று வருத்தத்தோடு பார்த்தார்.

துளசியின் ஆறு நீல நாடா. நடுவில் முறுக்கிக்கொண்டிருந்தது. இக்மலின் காடு பாயைத் தாண்டித் தரைக்கு இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் மோகனராஜின் தோள் துடித்தது. கைகள் பின்னாலேயே இருந்தன. என் பங்குக்கு வெள்ளை நாடாவில் பாதை போட்டேன். போட்டு முடித்து எழுந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பாதை ஆற்றின் தவறான கரையில் கிடந்தது. எந்தக் கரை என்று அவர் சொல்லியிருந்தார். நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன்.

அவர் பாதி குனிந்துவிட்டார். வலது கை பின்னாலிருந்து அவிழ்ந்து பக்கவாட்டுக்கு வந்தது. இரண்டு விரல் எட்டிப் பிடித்தால் போதும், நாடா மறுகரைக்குப் போய்விடும். பத்து வினாடி வேலை. சித்தி ஆயிஷா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தார். மோகனராஜ் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்தார். கை மெல்லப் பின்னால் போய் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது.

"தங்கச்சி. ரோடு ஆத்துக்கு அந்தப் பக்கம். எடு, மறுபடி போடு."

ஒரு 'முடிஞ்சா' இல்லை. ஒரு 'பரவால்ல' இல்லை. 'லா' கூட இல்லை. எடுத்து மறுபடி போட்டேன். "சொல்லிட்டாரு" என்று ஆசியா பீவி யாரிடமோ போலச் சொன்னார். பாதை போய்ச் சேர்ந்ததும் மோகனராஜ் குச்சியை எடுத்து ஐந்து பகுதியையும் ஒப்பித்தார். மூன்றாவது பகுதியில் நோட்டைப் பார்க்க மறந்துபோனார். கடைசியில் எங்களைப் பார்த்து, தண்ணீர் எங்கே, சாவி யாரிடம், தனக்கு ஏதாவது ஆனால் அடுத்துத் தலைமை யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நாற்காலிகளைத் தவிர எல்லோரும் பதில் சொன்னோம். மாதிரி அமைக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது என்றார் சித்தி ஆயிஷா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் துளசி பொரித்து வைத்திருந்த பீசாங் கோரேங் என்ற வாழைப்பழ பஜ்ஜியில் நான்கு சாப்பிட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மோகனராஜ் ஒரு தட்டு நிறைய அதே பீசாங் கோரேங்கோடு நின்றார். "காலைல கொஞ்சம் வெரட்டிட்டேன். மனசுல வெச்சுக்காத மா" என்றார். விரட்டியதாக எனக்கு நினைவில்லை என்றேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மூன்று வாக்கியத்தையும் நாள் முழுக்கச் சுமந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஆசியா பீவி சட்டையைக் கேட்டு வாங்கி, அந்த நாலு தையலைப் பிரித்தார். மூன்று கோட்டுப் பட்டையைச் சுற்றி இரட்டை நூலில் இரண்டு ஓட்டம் இயந்திரத்தில் அடித்தார். மோகனராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இனி பிரிக்கணும்னா ஒங்க கேப்டனே கத்தரிக்கோலோட ஒம்பதாவது மாடி ஏறி வரட்டும். லிப்ட் நல்லா இருக்குற நாளாப் பாத்து வரச் சொல்லுங்க" என்றார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். "அதையும் குடுங்க தம்பி." எதை என்று மோகனராஜ் கேட்கவில்லை. பணப்பையைத் திறந்து இரண்டு கோட்டுப் பட்டையை எடுத்தார். அதன் மடிப்பை ஒருமுறை நீவி நேராக்கிவிட்டுத்தான் கொடுத்தார். அது வெட்டுத் துணிப் பைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை காலை இக்மல் காரோடு வந்தார். வழியனுப்ப வந்தவர்களின் செருப்புகள் பதினான்காவது கதவின் முன் குவிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பள்ளி விடுமுறை வேறு. நடைபாதை நெடுகப் பிள்ளைகளின் சிலிப்பர்கள். அவற்றை இத்தனை மோசமாக நான் பார்த்ததில்லை. மோகனராஜ் சீருடையில் வெளியே வந்தார். மூன்று கோடும் சட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. பெரிய பச்சைப் பை வாசலில் இருந்தது. அதை நோக்கி ஓரடி வைத்தவர் நின்றார்.

"இக்மல், பைய எடு."

இக்மல் ஒரு வினாடி திகைத்து, பிறகு தூக்கிக்கொண்டார். பதின்மூன்று ஆண்டில் அந்தப் பையை இன்னொருவர் தொட்டதை இன்றுதான் பார்க்கிறேன் என்று துளசி என் காதருகே சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்; கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

மோகனராஜ் முன்னால் நடந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால். வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கை விரல்கள் மூடித் திறந்து மூடின. பதின்மூன்றாவது கதவைத் தாண்டினார். பன்னிரண்டு. பத்தாவது கதவின் முன் அதே ஜப்பான் சிலிப்பர், அதே வலது கால், கவிழ்ந்துதான் கிடந்தது. பார்த்தார். நடை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒன்பது. ஆறு. ஒன்று.

மின்தூக்கியின் வாசலில் ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மல்லாந்தும் கிடந்தது. அதையும் தாண்டி உள்ளே போனார். எங்களை நோக்கித் திரும்பி, காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி நேராக நின்றார். இக்மல் பையோடு பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினார். கதவு மூடத் தொடங்கியது. பாதி மூடிய இடைவெளியிலிருந்து பளபளவென்று துடைத்த ஒரு கறுப்புப் பூட்ஸ் வெளியே வந்தது. மல்லாந்த செருப்பை நுனியால் நிமிர்த்தியது. அதன் ஜோடிக்குப் பக்கத்தில், இரண்டு முனையும் ஒரே கோட்டில் வரும்படி, மெல்லத் தள்ளிவைத்தது. உள்ளே போய்விட்டது. கைகள் இரண்டும் பின்னால்தான் இருந்தன.